ஐந்தாவது வளையம்

மீன்குஞ்சின் உட்காதில் மணலினும் சிறிய கல் ஒன்று உண்டு. அது நாளுக்கொரு வளையமாக வளரும். தண்ணீர் சில்லிட்ட நாளின் வளையம் மட்டும் கறுக்கும். ஆய்வுக்கூடத்தில் அக்கா நுண்ணோக்கியில் எண்ணினாள். பொரிந்து நான்கே நாளான குஞ்சுகளுக்கெல்லாம் ஐந்து வளையங்கள். ஐந்தாவது மைக்கறுப்பு.

"அடியே, ஓடி வாயேன். நாளைய வளையம் இன்னைக்கே வந்திருக்கு."

"உனக்குத் தூக்கம் பத்தலக்கா," என்றாள் கூடவே வேலை பார்க்கும் தங்கை.

"அவ்வளவு குளிரை இதுங்க தாங்காதுடி. மூணு வருஷ உழைப்பு, விட்ருவேனா?"

மறுநாள் முழுக்க, இரண்டு ஹீட்டர்களைப் போட்டுவிட்டு, தொட்டியருகிலேயே இருந்தாள். வெப்பமானி இருபத்தெட்டு டிகிரியிலிருந்து இம்மியும் இறங்கவில்லை.

மாலையில் தங்கை சிரித்தாள். "ஜெயிச்சுட்டே, போ."

அக்கா துள்ளலோடு தண்ணீருக்குள் விரலை விட்டாள். விரல் குளிரில் விறைத்துப்போயிற்று. வெப்பமானி அப்போதும் இருபத்தெட்டையே காட்டியது.