வாய் திறக்காத வார்டு

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் ராஜாவுமில்லை, ராணியுமில்லை, ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அதனால் ஆண்கள் வார்டில் அவளுக்குப் பேர் பூவூசி.

பூவூசிக்குக் கொஞ்ச நாளாகவே தலை கிறுகிறுத்துக் கொண்டிருந்தது. காரணம், பெரிய டாக்டர்.

"நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புல சேர்றியா? முடிச்சா நீயே பரிசோதிக்கலாம், நீயே மருந்து எழுதலாம்" என்று கேட்டிருந்தார்.

வீட்டில் போய்ச் சொன்னாள்.

"உன் இஷ்டம்" என்றான் புருஷன். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டாலும் அவன் அதையேதான் சொல்வான்.

மாமியார் விவரமாகக் கேட்டாள். "படிச்சு முடிச்சா டாக்டரா?"

"இல்ல அத்தை."

"அப்ப நர்ஸா?"

"நர்ஸுதான். ஆனா வெறும் நர்ஸ் இல்ல."

"எனக்கே தலை சுத்துது. பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னன்னுடி சொல்றது?"

பூவூசிக்கும் அது தெரியவில்லை. ஆனால் அவளை அரித்தது வேறொன்று. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் வார்டே "நல்லா இருக்கேன் சார்" என்று பல்லைக் காட்டும். அவர் தலை மறைந்ததும் இவள் கையைப் பிடித்து இழுத்து, "சிஸ்டர், இங்க குத்துது, அங்க எரியுது" என்று கொட்டும். நாளைக்கு இவளே மருந்து எழுத ஆரம்பித்துவிட்டால், இந்தக் கையை யார் பிடித்து இழுப்பார்கள்?

அன்று காலை பெரிய டாக்டர் வார்டு நடுவில் நின்று, தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

"இன்னைக்கு ரவுண்ட்ஸ் நீ போ. நான் கதவோரமா நிப்பேன், வாயே திறக்க மாட்டேன். முடிச்சிட்டு, சேர்றியா இல்லையான்னு சொல்லிடு."

வார்டு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. இருவரும் கை கழுவிவிட்டு வந்தார்கள்.

முதல் கட்டில், ஹாரன். ரிடையரான பஸ் டிரைவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. தலையணை கோணினால்கூடத் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவார்; அந்தப் பேர் வந்ததே அதனால்தான்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"அருமையா இருக்கேன்."

"டியூப் எடுத்ததுக்கப்புறம் சிறுநீர் போச்சா?"

"ஜோரா!"

அடிவயிற்றை அமுக்கினாள். கை ஒரு கணம் தயங்கியது. "வலிக்குதா?"

"கிச்சுகிச்சு மூட்டாதம்மா." நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

அடுத்தது, விடிந்ததிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர். "வாந்தியா? எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் சிஸ்டர்!"

கடைசிக் கட்டில் வரை இதே பாட்டுதான். ஒருத்தர்கூடக் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"சார், எனக்கு வேண்டாம்" என்றாள் வெளியே வந்ததும்.

"ஏன்மா?"

"நேத்து வரைக்கும் எங்கிட்ட எல்லாத்தையும் கொட்டினவங்க சார். இதை மாட்டினதும் நான் வேத்தாளாயிட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலையே! இதுக்கா படிக்கணும்?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டார். "ரூம்லதான் இருப்பேன். மனசு மாறினா வா."

முகத்தைக் கழுவிக்கொண்டு, மாத்திரைத் தட்டோடு உர்ரென்று வார்டுக்குள் வந்தாள். எத்தனை பாடுபட்டிருப்பாள் இவர்களுக்கு! நன்றி கெட்ட ஜனம்.

ஹாரன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவர் போயிட்டாரா?" ஹாரனுக்கு ரகசியம் பேச வரும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"போயிட்டார். உங்களுக்குத்தான் எல்லாம் அருமையா இருக்கே, அப்புறம் என்ன?"

"அது கிடக்கட்டும். நீ பாஸா?"

"என்ன பாஸு?"

"டெஸ்ட்டுதானே வச்சாரு! நீங்க கை கழுவப் போனப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். லைசென்ஸ் டெஸ்ட்டுல வண்டி இருமினா, பெயிலாகுறது டிரைவர்தான். இங்க வண்டி நாங்கதானே? அதான், ஒரு பயலும் இருமக்கூடாதுன்னுட்டேன்."

அடுத்த கட்டிலில் தையல்காரர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வாந்தி எடுக்கும் பேசினைத் துழாவிக்கொண்டிருந்தார்.

பூவூசிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க ஐயா. சிறுநீர்?"

"ஒரு சொட்டுப் போகலம்மா. நீ அமுக்கினப்ப பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரிஞ்சுது."

மறுபடி கை வைத்தாள். அடிவயிறு கல்லாக இருந்தது. சற்று முன்பும் இப்படித்தான் இருந்தது. கை சொன்னது, வேர்வையும் சொன்னது. வாய் சொல்லவில்லையே என்ற கோபத்தில் இவள்தான் நகர்ந்துவிட்டாள்.

உடனே மறுபடி டியூப் போடவேண்டும். அதற்கு டாக்டர் சொல்லவேண்டும். தட்டை வைத்துவிட்டு அவர் ரூமை நோக்கி வேகமாக நடந்தாள்.

"ஏம்மா, சொல்லிட்டுப் போயேன்! பாஸா, பெயிலா?"

"பெயில்" என்றாள், நடந்துகொண்டே. "வண்டி இருமாட்டியும் டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கணும் ஐயா. அதனாலதான் படிக்கப் போறேன்."