தப்புக்கு அடுத்த விளக்கு

விளக்குப் பலகையில் பச்சை எரிந்தால் அடிக்க வேண்டும். சிவப்பைத் தொடக் கூடாது.

அவள் தொடவே இல்லை. அறுபது விளக்குகளில் ஒரு தப்பும் இல்லை.

ஜெபசெல்வி நான்கு முறை தொட்டாள். நான்கு முறையும் பலகை கத்தியது. நாக்கைக் கடித்துச் சிரித்துவிட்டு அடுத்த பச்சையை அடித்தாள்.

கோச் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். தப்புக்கு அடுத்த அடி, ஜெபசெல்விக்கு 0.34 நொடி. தப்பே செய்யாத அவள் பெயருக்கு நேரே வெறும் கோடு.

“ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்குன ஆனை எப்ப எந்திரிக்குதுன்னுதான் எனக்குத் தெரியணும். நீ சறுக்கவே இல்ல, நான் எதை அளக்க? இன்னொரு தடவ போ.”

மாநில ஹாக்கி அணியில் ஒரு கோல்கீப்பர் இடம்தான் பாக்கி. இருவரில் ஒருத்திக்கு.

போன வருட இறுதிப் போட்டியில் ஒரு பந்து அவள் கால்களுக்கு நடுவே போனது. அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் மேலும் மூன்று போயின. அவளுக்குப் பதிலாக இறங்கிய ஜெபசெல்வியும் ஒரு கோல் விட்டாள். விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அடுத்த இரண்டையும் தடுத்தாள்.

அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எப்படிக் குடிக்க முடிந்தது ஜெபசெல்வியால்?

மறுபடி பலகை முன் நின்றாள்.

இருபதாவது விளக்கு சிவப்பு.

தெரிந்தே அடித்தாள்.

பலகை கத்தியது. வேண்டுமென்றே செய்த தப்பு எங்கே வலிக்கப்போகிறது? அடுத்த பச்சை எரிந்ததும் கை போய்விட்டது. இன்னும் மூன்று முறை அப்படியே செய்தாள்.

0.29.

“நீதான் போற,” என்றார் கோச். எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

அவர் பேனாவைத் திறப்பதற்குள் கைதட்டல் கேட்டது.

“சூப்பர்க்கா!”

ஜெபசெல்விதான். பொய்க் கைதட்டலாக இருக்கும் என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. ஒரு துளி பொய் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

இடம் போனதற்கும் கைதட்டியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு நொடி? அரை நொடி?

யாரும் நிறுத்தாத பலகையில் ஒரு பச்சை எரிந்தது.

அவள் ஜெபசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அதுவாக அணைந்தது.