பச்சைப் புள்ளி

ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் மேலாளரின் திரையில் தணிகாசலத்தின் பெயரருகே எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். நான்கு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. ஒருநாளும் மஞ்சளாக விட்டதில்லை. முதுகுவலி தாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாய் விரித்து முதன்முதலாகச் சவாசனத்தில் படுத்தான். உடம்பெல்லாம் தளர்ந்தது. வலக்கை மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“லீவுதானே, கையைச் சும்மா வைங்களேன்” என்றாள் மனைவி வேதா.

“நான் எங்க அசைக்கிறேன்?”

அவள் அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள். இடக்கை தேய்க்கத் தொடங்கியது. அலுத்துப்போய், மேஜையிலிருந்த மவுஸை எடுத்துவந்து அவன் வலது உள்ளங்கைக்கு அடியில் வைத்தாள். இரண்டு கைகளும் அடங்கின. மூச்சு நீண்டது. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் பார்த்ததேயில்லை.

அவன் உறங்கியதும் மவுஸை மெல்ல இழுத்தாள். கண் திறக்காமலேயே, பாயோடு சேர்ந்து அவனும் நகர்ந்து வந்தான்.