சோதனைக்குப் போன தண்ணீர்

"நீ எங்க கெணத்துப் பக்கமே வரல இன்னாசி!"

"வந்தேன்னு சொல்றேன்ல, கத்தாதீங்க அக்கா..."

"எப்ப வந்தே? யாரு பாத்தா? எங்கூட்டுக்காரர் தண்ணி எடுக்கற அன்னிக்குப் பூரா கெணத்து மேட்டுலதான் கெடந்தாரு!"

கடத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் அலுவலக அறை. மேசைக்கு இந்தப் பக்கம் பாக்கியமேரி. அந்தப் பக்கம் கணக்கர் இன்னாசிராஜ். நடுவில், சேலத்துச் சோதனைச்சாலையிலிருந்து தபாலில் வந்த, இன்னும் பிரிக்காத உறை.

அறுபத்தொன்பதில் ஆலை வந்தது. ஆறு வருடமாக மரவள்ளிக் குச்சிக்கிழங்கு கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்கி, பாக்கியமேரி வீட்டுப் பள்ளக்காட்டுக் கிணறு நாறிப்போனது. கலெக்டருக்கு மனு போன பிறகுதான் முதலாளி எழுதிக் கொடுத்தார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவோம். கெட்டிருந்தால் ஆலைச் செலவில் குழாய். நன்றாக இருந்தால் இனிமேல் புகார் கூடாது. பாட்டிலில் பிடித்து அனுப்பும் வேலை இன்னாசிராஜுக்கு.

"விடியக்காலம் வந்து மொண்டுட்டுப் போனேங்க."

"திருடனாட்டமா?"

"மரியாதையாப் பேசுங்க அக்கா. ஆலை உங்களுக்கு ஒண்ணுமே செய்யலயா?" அவன் பேரேட்டைத் திருப்பினான். "பாருங்க, ஊர் நலச் செலவு. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு நாலு. மாதா திருநாளுக்கு மைக் செட்டு..."

"எங்க கெணறு நாசமாப் போனத எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே? செத்த எருமைய எதுல எழுதுன? எம் பையன் ஒடம்பெல்லாம் சொறியும் சீழுமா அழுவறானே, அதுக்கு ஒரு பக்கம் போட்டியா?"

இன்னாசிராஜ் பேரேட்டை மூடினான்.

"முதலாளி வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே பிரிச்சுப் படிக்கறேன். தண்ணி நல்லாருக்குன்னு போட்டிருந்தா கம்முனு வூட்டுக்குப் போயிரணும். சரிங்களா?"

"படி."

உறையைக் கிழித்தான். முதல் வரியைச் சத்தமாகப் படித்தான். அடுத்த வரியை உதட்டுக்குள்ளேயே படித்தான்.

"என்னாச்சு? வாயத் தொறந்து படி தம்பி."

"குடிக்கவோ சமைக்கவோ... ஆகாத தண்ணியாம். இனிமே யாரும் தொடக் கூடாதுன்னு..."

பாக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே!" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குழாய் வந்துருமில்ல? எழுதிக் குடுத்தத மாத்த முடியாதில்ல?"

குழாய் வரும் என்று அவன் தலையசைத்தான்.

"நெசமாத்தான் வந்து மொண்டிருக்கே. வாய்க்கு வந்தபடி திருடன்னுட்டேன், மனசுல வெச்சுக்காத." அவள் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "ஏன் இப்பிடி வேர்க்குது ஒனக்கு? முதலாளி வைவாரா?"

இன்னாசிராஜ் காகிதத்தை மேசைமேல் வைத்தான்.

"அக்கா... நான் உங்க கெணத்துக்கு வரவே இல்லைங்க. சோதனையில தேறணும்னு, நல்ல தண்ணியாப் பாத்து எங்க வூட்டுக் கெணத்துல மொண்டேன். எங்க பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைக்கறது அந்தத் தண்ணியிலதாங்க."