காவு மீன்

சம்பத் வலையை மறுபடியும் முக்கினான்.

வந்தது. செவுள் விரிந்து, வாய் திறந்து, பக்கவாட்டில் சாய்ந்து, இன்னொன்று.

அவன் மனைவி வாளியை நீட்டினாள். விரல் நீள மீன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

உப்பு கேட்டான். கொடுத்தாள். இன்னொரு ஏர் பம்ப் கேட்டான். ஏழு மாத வயிற்றோடு குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தொட்டி மூலையில் தாய் மீன் மட்டும் இன்னும் தாக்குப்பிடித்தது. அந்த அறையில் நீந்திய அத்தனையும் அதன் வயிற்றுக் குஞ்சுகள், அல்லது குஞ்சுகளின் குஞ்சுகள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சம்பத் வளர்த்த குட்டைச் சிக்லிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். நோய் என்ற பேச்சே கிடையாது. அவனுக்கு ஊரில் இருந்த மரியாதையே அதுதான்.

தாய் மீனும் சாய்ந்தது.

சம்பத் வலையைக் கீழே போட்டான்.

தொட்டியில் மிச்சமிருந்தவை சிங்கப்பூர் மீன்கள் மட்டும். போன வாரம்தான் உள்ளே விட்டான். ஒன்றுக்கும் ஒரு குறையுமில்லை. ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன.

சில மீன்கள் அப்படித்தான். நோயைச் சுமந்துகொண்டு வரும். தான் சாகாது. பக்கத்தில் இருப்பதைச் சாகடிக்கும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே சம்பத்தான்.

அந்த மீன்கள் வந்த பெட்டியைக் கொண்டுவந்தவன் லோகு. அவள் தம்பி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். இறக்குமதியில் இறங்கி அவன் எடுத்த முதல் பெட்டி அது. மாமா கையில் கொடுத்துத் தொடங்கினால் ராசி என்று தலையில் வைத்துத் தூக்கிவந்தான்.

"சிங்கப்பூர் மாப்ளைங்களா? ஜாதகம் பாக்காம நம்ம வூட்ல பொண்ணு குடுக்க மாட்டோம் மச்சான்," என்றான் சம்பத். லோகுவும் சேர்ந்து சிரித்தான்.

ஜாதகம் என்பது தனித் தொட்டி. மூன்று வாரம். புது மீன்களோடு தன் தொட்டியிலிருந்து ஒரு கறுப்பு மோலியையும் விடுவான். காவு மீன் என்று அதற்குப் பெயர். மோலி செத்தால் வந்தவற்றில் நோய். பெட்டியோடு திருப்பி அனுப்புவான். அனுப்பியதைக் கடை கடையாகச் சொல்லவும் செய்வான். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பிறகு அந்தத் தெருவில் மீன் விற்றதில்லை.

தீனி போடுவது அவள் வேலை. காலையில் வெளியே கிளம்பும்முன் அவன் எட்டிப் பார்ப்பான். மோலி நீந்தும். தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

மூன்றாம் வாரக் கடைசியிலும் மோலி நீந்தியது.

சம்பத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நெடுநேரம் யோசித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். மருந்து ஊற்றி நோயை அமுக்கிவைத்துத் தள்ளிவிட்டிருக்கிறான் உன் தம்பி. மோலி தப்பியது அதனால்தான். மருந்து வேகம் தீர்ந்ததும் நோய் கிளம்பிவிட்டது. தெரிந்தே செய்திருக்கிறான்.



ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் வாங்கியாகிவிட்டது. அக்கா பிரசவத்துக்கு வந்து தங்க வேண்டுமென்று லோகு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.

சம்பத் அவள் போனை எடுத்து அவள் கையிலேயே வைத்தான்.

"ஸ்பீக்கர்ல போடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு நீயே சொல்லு."

சொன்னாள்.

மீன்களெல்லாம் செத்துவிட்டன என்று சொன்னாள். நீ மருந்து ஊற்றி ஏமாற்றிவிட்டாய் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வராதே, அதற்குப் பிறகும் வராதே என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

லோகு அழுதான். செத்துப்போன அம்மாமேல் சத்தியம் பண்ணினான். ஒரு சொட்டு மருந்துகூட ஊற்றவில்லை என்றான். பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு தொழில்காரனாகக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. மாமா வுட்ட மோலி கடசி வரிக்கும் உசுரோட இருந்துச்சா?"

சம்பத் தலையைத் தூக்கினான். இன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சுடா."



"அப்போ தப்பு எங்கிட்டதான் போல. எப்டின்னுதான் தெர்ல. சரிக்கா. ஒடம்பப் பாத்துக்க."

போன் அணைந்தது.

சம்பத் வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனான். போகும்போதே யாருக்கோ போன் போட்டு லோகுவின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தான். நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அவள் தனித் தொட்டிக்கு வந்து தீனி போட்டாள்.

கறுப்பு மோலிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தெருமுனைக் கடையில் எப்போது கேட்டாலும் கிடைக்கும்.

தம்பியின் முதல் பெட்டி திரும்பிப் போய்விடக் கூடாதே என்றுதான் முதல் தடவை வாங்கினாள்.

தண்ணீருக்கு மேலே வந்து தீனியைக் கொத்திக்கொண்டிருந்தது நான்காவது மோலி.