அணையாத மெழுகுவத்தி

"நல்லா இழுத்து ஊதுடா தானிஸ்! ஊதினா வாசல்ல பக்சோ சூப் வாங்கித் தரேன்" என்று கெஞ்சினாள் அவன் தாய் சுலஸ்திரி.

தசை நோயால் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஒன்பது வயது தானிஸ், மூச்சின் பலத்தை அளக்கும் குழாயில் புஸ்ஸென்று ஊதினான். எதிரே கணினித் திரையில் எரிந்த மெழுகுவத்திகளில் ஒன்றுகூட அணையவில்லை.

"போன தடவை எல்லாத்தையும் அணைச்சானே!" சுலஸ்திரியின் குரல் உடைந்தது.

"அழாதீங்கம்மா!" அவன் போட்ட அதட்டல் அந்த சுரபாயா மருத்துவமனையின் தாழ்வாரம் வரை கேட்டது.

பரிசோதனை செய்யும் நிங்ரும்முக்குப் பொறி தட்டியது. அதட்ட மூச்சு இருக்கிறது, ஊத மட்டும் இல்லையா? தாயை வெளியே அனுப்பினாள்.

"யாரை ஏமாத்துற?"

தானிஸ் கதவைப் பார்த்துக்கொண்டான். "மார்க் கம்மியானா ராத்திரி போட்டுக்க மூச்சு மெஷின் தருவீங்கல்ல? அம்மா விடிய விடிய என் நெஞ்சுல கை வச்சு முழிச்சிருக்காங்க அக்கா. மெஷின் வந்தா தூங்குவாங்க. நீங்க தலைகீழா நின்னாலும் ஊத மாட்டேன்."

"ஊத வேண்டாம். சும்மா படு."

அவனைப் படுக்க வைத்து, வெள்ளைச் சட்டைமேல் கட்டம் கட்டமாக ஒளியைப் பாய்ச்சினாள். கேமரா அந்தக் கட்டங்களின் அசைவைப் படித்தது. வயிறு எழும்போதெல்லாம் நெஞ்சு உள்ளே அமுங்கியது; மூச்சுத் தசைகள் நிஜமாகவே தளர்ந்திருந்தன.

"இந்த வெளிச்சத்தை ஏமாத்த முடியாதுடா."

"அப்போ மெஷின் கிடையாதா?"

"உண்டு. நீ நடிச்சிருக்கவே வேண்டாம்." நிங்ரும் மெஷினுக்கான படிவத்தை எடுத்தாள்.

தானிஸின் முகம் மலர்ந்தது.

"அப்போ அம்மா இன்னைக்கே தூங்கலாமா அக்கா?"