ஜும்ஆ முடியும் வரை

"கண்ணாடிய ஏத்துங்க. ஒருத்தரும் இறங்க வேணாம்" என்றான் ஸஹீத்.

"டயர் வெடிச்சிருக்கு. இறங்காம என்ன செய்யிற?" மனைவி நஸ்லின் வானின் கதவைத் திறந்துவிட்டாள்.

கரையோரப் பாதை வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கிழக்கு மாகாணத்து ஆட்கள் அன்பானவர்களாம், அறுகம்பேயிலிருந்து மட்டக்களப்பு வரை கடலோரமாகவே போக வேண்டுமாம் என்று மகள் அம்ஹா அடம்பிடித்தாள். இப்போது வான் சரியாகச் சாய்ந்தமருதில் நின்றுவிட்டது. மாற்று டயரிலும் காற்று இல்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஸஹீத் இந்த ஊரில் ஆசிரியர்; ஊருக்கே 'சேர்'. இங்கேயே அவனுக்குப் பெண் பேசினார்கள். இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணின் வாப்பா கடற்கரையோரம் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். உம்மாவை விட்டுவிட்டு இவ்வளவு தூரத்தில் பெண் வீட்டோடு இருக்கப் பயந்து, நிக்காஹ் அன்று விடியற்காலையில் ஸஹீத் பஸ் ஏறிவிட்டான். வாசலில் பந்தல் போட்டிருந்தது. சோற்றுக்கு அடுப்பும் மூட்டியிருந்தார்கள். அவன் இந்த ஊரில் கால் வைத்தால் காலை முறிப்போம் என்று பெண்ணின் அண்ணன்மார், மூன்று காக்காமாரும், சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அதன் பிறகு அவர்கள் எங்கே குடிபோனார்கள் என்று அவன் விசாரிக்கவே இல்லை.

நஸ்லினுக்கு இது ஒன்றும் தெரியாது. பதினொரு வயது அம்ஹாவுக்கோ, உலகத்திலேயே நல்ல மனிதர் அவளுடைய வாப்பாதான்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும். டயரா? கடைக்காரன் ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டிட்டான். இனி ரெண்டு மணிக்குத்தான் தொறப்பான். எங்கட ஊடு இந்தா, அடுத்த றோட்டுல. வாங்க."

"வேணாம். நாங்க வானுக்குள்ளயே இருப்பம்" என்றான் ஸஹீத்.

"இந்த வெயிலுக்க புள்ளையையும் வெச்சி அவிக்கவா? நல்ல கதை!"

வந்தவன் பெயர் முபீன். ஸஹீதை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, தள்ளிப்போய் போன் பேசினான். "ஓம்... ஓம்... சரி, நீ சொல்லுற மாதிரியே" என்று முடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஊட்டுல சோறு போடச் சொல்லிட்டன். இனி நீங்க வராட்டி எனக்குத்தான் ஏச்சு."

நஸ்லின் சிரித்தாள். அம்ஹா அதற்குள் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

பெண்கள் இருவரும் முபீன் வீட்டுப் பின் வாசலால் உள்ளே போனார்கள். முபீன் ஸஹீதின் கையைப் பிடித்தான். "வாங்க காக்கா, பள்ளிக்குப் போவம்."

"நான் பயணிதானே. ஜும்ஆ கடமையில்ல."

"கடமையில்லாட்டி என்ன, நாலு எட்டு வெச்சா காலு தேஞ்சிருமா?"

பள்ளிவாசலில் ஊரே இருந்தது. ஸஹீத் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடியே இருந்தான். தொழுது முடித்து, சலாம் கொடுக்க வலது பக்கம் முகத்தைத் திருப்பியபோதுதான் பார்த்தான். பக்கத்தில் பெண்ணின் மூத்த காக்கா. தாடி நரைத்திருந்தது. தோள் மட்டும் அதே தோள்.

அவர் கையை நீட்டினார். "வெளியூரா?"

"ஓம்... கம்பளை."

"குடும்பத்தோடயா வந்த?"

"மனைவியும் ஒரு மகளும்."

ஸஹீதின் கை அந்தப் பிடிக்குள் வலித்தது. அவர் அதைச் சட்டென்று விடவில்லை.

"அல்லாஹ் உங்கட பயணத்த லேசாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஸஹீதின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தாடியும் கண்ணாடியும் தொப்பையும்தான் தன்னைக் காப்பாற்றின என்று நினைத்துக்கொண்டான்.

முபீன் வீட்டு முன் விறாந்தையில் ஆண்களுக்குச் சாப்பாடு. திரைக்கு அப்பால் நஸ்லினின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஸஹீத் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"முந்தி இந்தப் பக்கம் வந்திரிக்கீங்களா காக்கா?"

"இல்ல. இதுதான் முதல் தரம்."

முபீன் அவன் தட்டில் இன்னொரு இறைச்சித் துண்டை வைத்தான். "அப்ப நல்லாச் சாப்பிடுங்க."

அம்ஹா திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "வாப்பா, உள்ள இருக்கிற மாமி உங்களப் பத்திக் கேட்டாங்க!"

"என்ன... என்ன கேட்டாங்க?"

"வாப்பாவ உனக்கு எவ்வளவு விருப்பம்னு. எங்க வாப்பா மாதிரி ஒருத்தருமே இல்லன்னு சொன்னேன்."

ஸஹீத் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

இரண்டரை மணிக்கு டயர் தயாராகிவிட்டது. முபீன் ஆளை வைத்து அதை வானில் மாட்டியும் கொடுத்தான். நஸ்லின் ஒரு பார்சலோடு வானில் ஏறினாள்.

"பார்த்தீங்களா? வேணாம் வேணாம்னு நின்னீங்க. இந்த மாதிரி ஆக்கள் வேற எங்க இருக்காங்க?"

"ஓம், நல்ல ஆக்கள்தான்." அன்றைக்கு முதல் தடவையாக ஸஹீத் சிரித்தான். தப்பிவிட்டோம்.

அம்ஹா பின் இருக்கையிலிருந்து வீட்டுப் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தாள். முபீன் ஓட்டுநர் பக்கத்துக்கு வந்து குனிந்தான். ஸஹீதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"பள்ளியில அரைவாசிப் பேருக்கு உங்களத் தெரியும் சேர். என்ட மூத்த மச்சான் சும்மா கை குடுத்துட்டுப் போனது லேசான விசயமில்ல."

சாவியைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

"அண்டைக்கு நீங்க உட்டுட்டுப் போன புள்ளதான், இப்ப என்ட பொஞ்சாதி, ஜும்ஆவுக்கு முந்தி ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்துச் சொன்னா: 'அவர்ர மகளுக்கு முன்னால ஒருத்தரும் வாயத் தொறக்கப்படா.'"